வலியோடு வரச்சொன்ன நாள்

தாமோதரனின் தலைவலி மூக்கின் வேரில் தொடங்கும். இரண்டு புருவமும் கூடுகிற இடத்தில் முதலில் கட்டைவிரல் வைத்ததுபோல் ஓர் அழுத்தம். அப்புறம் அது மெல்ல நகர்ந்து இடது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டால் அன்றைய பொழுது அதனுடையது. வெளிச்சம் ஆகாது, ஹாரன் ஆகாது, வீட்டில் குழம்பு தாளிக்கிற வாசனைகூட ஆகாது. நாற்பத்தாறு வயதில், வலி இல்லாத ஒரு முழு நாள் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பிறந்தது கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு கட்டுமரம் ஏறினார். பதினேழு வயதில் ஒருநாள் கரை திரும்பும்போது அலை மரத்தைத் தூக்கிப் போட்டது. துடுப்பு எகிறி மூக்கில் அடித்தது. ரத்தம் நிற்கும்வரை கடல் தண்ணீரால் கழுவினார்கள். மூக்கு கோணிவிட்டதென்று சேக்காளிகள் கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். வைத்தியம் அதோடு முடிந்தது. தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவருக்குத் தேதி சொல்லத் தெரியாது. அதற்கடுத்த வருஷங்களில் ஏதோ ஒன்றில், தண்ணீர்மேல் வெயில் பளபளக்கும்போது கண்ணைத் திறக்க முடியாமல் மரத்தின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்பா திட்டினார். கடலுக்கு ஆகாத உடம்பு என்று ஊரும் சொல்லிவிட்டது. ஐஸ் வண்டி ஓட்டினார், டெம்போ ஓட்டினார், குப்பம்மாவைக் கட்டிக்கொண்டு முடிச்சூருக்குக் குடிவந்தார். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில் பதினொரு வருஷமாக டிரைவர்.

விடியற்காலை ஐந்தேகாலுக்கு மேற்குத் தாம்பரத்தில் முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்ற வேண்டும். முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று பொறுக்கிக்கொண்டே போய் ஒரகடத்தில் இறக்கிவிட்டு, இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போதுதான் சூரியன் நேர் எதிரே கண்ணாடியில் ஏறி நிற்கும். பின்னால் நாற்பது பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த முக்கால் மணி நேரத்தைக் கடப்பதற்குத்தான் செட்.

மெடிக்கல் ஷாப்பில் போய், தலைவலிக்கு ஒரு செட் என்றால் போதும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பொடிசாக இன்னொன்று என்று அட்டையிலிருந்து கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். மாத்திரையின் பெயரை யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. டிரைவர்கள், சித்தாள்கள், ஐஸில் கைவிட்டு வேலை செய்கிற மீன்காரப் பெண்கள் எல்லாருக்கும் அது பழக்கம். தாமோதரன் அதை வைத்தியம் என்றே நினைத்ததில்லை. பஸ்ஸுக்கு டீசல் மாதிரி அவருக்கு அது.

போன ஆடியில் ஒருநாள் செட்டும் கைகொடுக்கவில்லை. மண்ணிவாக்கம் தாண்டியதும் பார்வை இரண்டாகப் பிரிந்தது. பஸ்ஸை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பத்து நிமிஷம். தூக்கம் கலைந்த யாரோ அதை செல்போனில் எடுத்து சூப்பர்வைசர் சின்னப்பனுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்னப்பன் கெட்டவர் இல்லை. ஷெட்டில் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"தாமு, நாப்பது உசுரு. இன்னா வைத்தியமோ பாத்துக்கோ. பொங்கல் வரைக்கும் உன் வண்டிய வேற யாருக்கும் குடுக்கமாட்டேன். அதுக்கு மேல என்ன கேக்காத."

அன்று முதல் அந்த வீட்டில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். தலைவலி போகுமா, பஸ் வேலை நிலைக்குமா.

பொறுப்பை எடுத்துக்கொண்டது மகள் ஷர்மிளா. அவர்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். லேப் டெக்னாலஜி படித்துவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். கண், சர்க்கரை, பிரஷர் என்று எல்லாவற்றையும் பார்த்து, எதிலும் குற்றம் இல்லை என்று ஆன பிறகு, அரசாங்க ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை அவளே வாங்கி, வராந்தாவில் நின்றபடியே இங்கிலீஷில் ஒருமுறை படித்து, தமிழில் அப்பாவுக்கு ஒருமுறை சொன்னாள். மூக்கின் நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்திருக்கிறது. வளைவில் எலும்பு முள் போல நீண்டு பக்கவாட்டுச் சதையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடம்தான் வலிக்குக் காரணமாக இருக்கலாம்.

டாக்டர் ஸ்ரீவித்யா மூக்கில் பழைய அடி ஏதாவது உண்டா என்று கேட்டார். தாமோதரன் துடுப்பைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதை ஒரு டாக்டர் கேட்டதே அவருக்குப் பாதி சுகமாக இருந்தது. ஆனால் டாக்டர் உடனே கத்தியைத் தூக்குகிறவர் இல்லை.

"மூக்கெலும்பு வளைஞ்சவங்க ஊர்ல பாதிப் பேர் இருக்காங்க. எல்லாருக்கும் தலைவலி வர்றதில்ல. உங்களுக்கு வலி இதனாலதானான்னு எனக்கு முதல்ல தெரியணும். வலி நல்லா இருக்கற நேரத்துல வாங்க. மாத்திரை போடாம வாங்க, தைலம்கூட வேண்டாம். அந்த இடத்துல மரத்துப்போற மருந்து வைப்பேன். அஞ்சு நிமிஷத்துல வலி இறங்குச்சுன்னா ஆபரேஷன் பண்றதுல அர்த்தம் இருக்கு. இறங்கலைன்னா மூக்கை விட்டுட்டு வேற எங்கயாவது தேடணும்."

ஷர்மிளா அன்றே வீட்டில் இருந்த உறைகளையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். அப்பாவின் தலைவலிக்கு அட்ரஸ் கிடைத்துவிட்டது என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

குறித்த நாளில் தலைவலி வரவில்லை. தினமும் கூப்பிடாமல் வந்து நிற்கிற வலி, அன்றைக்குப் பார்த்து எங்கோ போய்விட்டது. தாமோதரன் ஆஸ்பத்திரி முற்றத்து வெயிலில் வெறுந்தலையோடு நின்று பார்த்தார், காபி குடிக்காமல் இருந்து பார்த்தார். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டில் குப்பம்மா விடவில்லை.

"உன் தலவலியும் உன்ன மாரியேதான்யா கீது. கூப்ட்டா வராது, வேணாம்னா போவாது."

இரண்டாவது முறை வலி இருந்தது. கண்ணைத் திறக்க முடியாத வலி. டாக்டர்தான் இல்லை. மெடிக்கல் காலேஜ் பரீட்சை நடத்த வேறு ஊருக்குப் போயிருந்தார். வலியோடு போய் வலியோடு திரும்பினார். மார்கழி பிறந்துவிட்டது.

மூன்றாவது தேதிக்கு முந்தின நாள் லீவு கேட்டார். மாற்று டிரைவர் ஊருக்குப் போயிருந்ததால் காலை டிரிப்பை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் சின்னப்பன். மறுக்கிற நிலைமையில் தாமோதரன் இல்லை.

மறுநாள் ஒரகடத்திலிருந்து திரும்பும்போதே புருவ நடுவில் அழுத்தம் தொடங்கியது. வரட்டும், இன்றைக்குத்தானே வேண்டும் என்று அவர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். படப்பை வருவதற்குள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து சூரியன் கிளம்பி கண்ணாடி முழுக்க வெள்ளையாக அடித்தது. எதிரே வந்த டிப்பர் லாரி ஒன்று பக்கத்தில் வரும்வரை அவர் கண்ணுக்கு அகப்படவில்லை. விலகிக்கொண்டார். நூலிழை. பின்னால் யாரும் கண் விழிக்கவில்லை. படப்பை கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினார். பியூஸ் வைக்கும் டப்பாவுக்குள், ஷர்மிளாவின் கைக்கு எட்டாத ஓர் உறை மிச்சம் இருந்தது. அவர் அதை எடுத்தபோது அவர் நினைப்பில் டெஸ்ட் இல்லை. அந்த டிப்பர்தான் இருந்தது. மூன்றையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மணி ஏழு.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. வலி இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்த முடியாமல் இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இன்னொரு தேதி தருவார்கள். இன்னொரு தேதி என்றால் பொங்கல் தாண்டிவிடும். பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

"இப்ப வலி எவ்வளவு? பத்துக்கு மார்க் போடுங்க."

"எட்டு மேடம்."

எட்டு என்பது படப்பையில் இருந்த வலி. அது பொய்யில்லை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். டாக்டர் குழாய் கேமராவை வைத்துப் பார்த்தபடி, மருந்தில் நனைத்த பஞ்சை உள்ளே தள்ளி வைத்தார். கசப்பு தொண்டையில் இறங்கியது. மேல்வரிசைப் பல் மரத்தது. இடது கண்ணுக்குப் பின்னால் இருந்த மிச்சம் மீதியும் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து டாக்டர் திரும்பக் கேட்டார்.

"ஒண்ணு, ஒண்ணரை" என்றார் தாமோதரன்.

டாக்டரின் முகத்தில் வந்த நிறைவைப் பார்த்ததும், ஒருவேளை நிஜமாகவே இதுதானோ என்று அவருக்கும் தோன்றிவிட்டது. மாத்திரை கொஞ்சம், மருந்து கொஞ்சம், இரண்டும் சேர்ந்துதான் இறங்கியிருக்கும். துடுப்பு அடித்தது உண்மை, எலும்பு நீண்டிருப்பது உண்மை. அப்புறம் என்ன? டாக்டர் சீட்டில் எழுதினார். ஷர்மிளாவுக்கு போன் பண்ணிச் சொன்னபோது, லேபில் பக்கத்தில் இருந்தவர்களிடம் அவள் சத்தமாகச் சொல்வது கேட்டது.

காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் கொடுத்து, மூக்கு வழியாகவே உள்ளே போய், வளைவை நேராக்கி முள்ளை எடுத்துவிட்டார்கள். வெளியே ஒரு தழும்புகூட இல்லை. இரண்டு நாள் பஞ்சு அடைத்த மூக்கோடு வாயால் மூச்சு விட்டார். குனியக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, வெயில் தூசி கூடாது. உப்புத்தண்ணீரை மூக்கில் பீய்ச்சிக் கழுவச் சொன்னார்கள். குப்பம்மா தினமும் காய்ச்சி ஆற வைத்துக் கொடுத்தார். சின்னப்பன் பொங்கல் கெடுவை மாசி வரைக்கும் நீட்டினார்.

ஓய்வில் இருந்த அந்த ஐந்து வாரம் தாமோதரன் வாழ்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இடது மூக்கில் காற்று ஏறியது. ஒருநாள் விட்டு ஒருநாள் தலை லேசாக இருந்தது. திருநீர்மலைக்குக் குடும்பத்தோடு போய்ப் படியேறி வந்தார். இருட்டிய வீட்டில், ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரையோடு, பஸ் இல்லாமல் வெயில் இல்லாமல் படுத்திருந்ததால் அந்தச் சுகமா, மூக்குச் சரியானதால் வந்த சுகமா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஷர்மிளாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஏறிய நாலாம் நாள், படப்பைக்கு முன்னால், புருவ நடுவில் அந்தக் கட்டைவிரல் மறுபடி அழுத்தியது.

பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. செட் வாங்கினார். ஒன்று போதாமல் இரண்டு வாங்கினார். பதினொன்றாம் நாள் மண்ணிவாக்கத்தில் பஸ் மறுபடி ஓரத்தில் நின்றது. இந்த முறை சின்னப்பன் டீ வாங்கித் தரவில்லை. சாவிக்குக் கை நீட்டினார். தாமோதரன் கொடுத்தார்.

மறுபரிசோதனைக்கு ஷர்மிளா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். டாக்டர் கேமராவில் பார்த்து, திரையைத் திருப்பிக் காட்டினார். சுவர் நேராக இருந்தது. எதுவும் எதையும் தொடவில்லை. ஆறினதும் அழகாக ஆறியிருந்தது. டாக்டர் பழைய சீட்டை எடுத்துப் படித்தார், எட்டு என்றும் ஒன்றரை என்றும் அவர் கையாலேயே எழுதியிருந்தது. நெற்றியைச் சுருக்கினார்.

"டெஸ்ட் இவ்வளவு தெளிவா இருந்துச்சே. அன்னிக்கு மாத்திரை ஏதாவது போட்டுட்டு வந்தீங்களா?"

தாமோதரன் வாயைத் திறந்தார். அதற்குள் ஷர்மிளா பதில் சொல்லிவிட்டாள்.

"இல்ல மேடம். வீட்ல ஒரு மாத்திரைகூட இல்லாம நானே தூக்கிப் போட்டுட்டேன். அப்பா தொடவே இல்ல."

அவள் நிமிர்ந்து சொன்ன விதத்தைப் பார்த்தபின் அவரால் வாய் திறக்க முடியவில்லை. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சிலருக்குத் தினமும் போடுகிற வலி மாத்திரையே தலைவலியைக் கொடுக்கும். நிறுத்தினால் முதலில் சில வாரம் வலி அதிகமாகித்தான் பிறகு குறையும். நீங்கள்தான் போடுவதில்லையே, அதனால் அது இல்லை என்று அவரே அதை அடித்துவிட்டு, நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதி வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

உண்மையைச் சொல்லாவிட்டாலும், டாக்டர் சொன்னது தாமோதரன் காதில் நின்றது. மாத்திரையை நிறுத்திப் பார்த்தார். ஒன்பது நாள். வாந்தி எடுத்தார், சுவரில் தலையை முட்டினார், ஷர்மிளா வீட்டில் இருக்கும்போது தூங்குவதுபோல் போர்த்திப் படுத்துக்கொண்டார். பத்தாம் நாள் தெருமுனை மெடிக்கலுக்குப் போனார். அன்று மாலை குப்பம்மாவிடம், படப்பையில் மாத்திரை போட்டதைச் சொன்னார். அன்றைய மீன் வியாபாரம் முடித்து வந்திருந்த குப்பம்மா கூடையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"தெர்யும். அன்னிக்கி சட்டைய தொவைக்க சொல்ல பையில மாத்திர காயிதம் இருந்துச்சி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஆபரேசன நிறுத்திருப்பாங்க. பண்ணா போயிடும்னு நானுந்தான்யா நெனச்சேன். பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத."

சித்திரையிலிருந்து அவர் குப்பம்மாவோடு முடிச்சூர் சாலையோரத்தில் நீலத் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்கிறார். கடலை விட்டவனுக்குக் கடைசியில் மீன்தான் வாய்த்தது என்று பக்கத்துக் கடைப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்க முயல்வார். பதினொரு மணிக்குமேல் தார்ப்பாய்க்குள் வெளிச்சம் வந்துவிடும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கை பழக்கத்தில் செதிள் எடுப்பார். நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் தின்கிறார், செட்டையும் தின்கிறார்.

ஒரு சனிக்கிழமை கிறிஸ்டினா டீச்சர் வஞ்சிரம் வாங்க வந்தார். பின்தெருவில் குடியிருப்பவர், ஷர்மிளாவோடு பழக்கம். துண்டு போடச் சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கும் ஸ்கேன்ல அதேதான் வந்திருக்கு. மூக்கெலும்பு தொடுதாம். வலி வரப்போ டெஸ்ட்டுக்கு வாங்கன்னு டாக்டர் சொல்லிருக்காரு. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணி தலைவலி போச்சா?"

"போவல டீச்சர்."

"அப்படியா. அப்ப வேணாம்னு சொல்லிடறேன். கேட்டது நல்லதாப் போச்சு."

பையை நீட்டிக்கொண்டு அவர் காத்திருந்தார். தாமோதரனின் கத்தி பாதித் துண்டில் நின்றது. கண்ணுக்குப் பின்னால் வலி அடித்துக்கொண்டிருந்தது. தன் மூக்கைக் காட்டி இன்னொரு மனுஷனின் வழி அடைபடுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல டீச்சர். அவர போவ சொல்லுங்க. ஆனா டெஸ்ட்டு அன்னிக்கி மாத்திர போடாம போவ சொல்லுங்க. நான் போட்டுகினு போய்ட்டேன். போட்டத டாக்டராண்ட சொல்லவும் இல்ல. என்னத வெச்சி ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க."

குப்பம்மா அவர் முழங்கையைத் தட்டினார். தாமதமாகிவிட்டது. தார்ப்பாயின் மறுபக்கம், சாப்பாட்டு டப்பாவோடு, ஷர்மிளா வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. டீச்சர் மீனை வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள்.

"எத்தன மணிக்குப்பா போட்ட?"

"ஏழு இருக்கும்."

"டெஸ்ட் வெச்சது பதினொன்னரை."

அவள் கோபப்படவில்லை. லேபில் சாம்பிளுக்கு நேரம் பார்ப்பதுபோல விரலில் எண்ணினாள். நாலரை மணி நேரம். மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கக்கூடிய நேரம். உதடு அசைந்தது, ஒரு முடிவுக்கும் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

"இன்னிக்கே மேடம்கிட்ட போலாம். உண்மைய சொல்லிட்டு, திருப்பி ஒரு தடவ அதே டெஸ்ட்ட..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். பஞ்சு வைப்பதற்கு அந்த இடம் இப்போது இல்லை. தொட்டுக்கொண்டிருந்த எலும்பை எடுத்தாகிவிட்டது. தலைவலிக்கு மூக்கு காரணமா இல்லையா என்பதை இனிமேல் எந்த டாக்டராலும் சோதித்துப் பார்க்க முடியாது. அது அவளுக்குப் புரிந்த அதே நேரத்தில் தாமோதரனுக்கும் புரிந்தது. குப்பம்மாவுக்கு மட்டும் புரியவில்லை. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஷர்மிளா டப்பாவை ஐஸ் பெட்டியின்மேல் வைத்தாள்.

"சாப்டுப்பா, ஆறிடும்" என்றாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு தாம்பரம் பக்கம் போனாள்.

வாடிக்கையாளர் ஒருவர் சங்கரா மீனைக் காட்டி எடை போடச் சொன்னார். தாமோதரன் தட்டை எடுத்தார். கடிகாரம் பன்னிரண்டரையைக்கூடத் தொடவில்லை. வெயில் இறங்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.